லாயிட்டின் வரிகள்

எங்கள் பேண்டுக்குப் பெயர் 'கேட் போட்டாச்சு'. பிராக்டிஸுக்குத் தாமதமாக வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்லும் சாக்கு அது. ரயில்வே கேட் போட்டாச்சு, நான் என்ன பண்ணட்டும் என்பார்கள். லாயிட்டின் வீடு கேட்டுக்கு இந்தப் பக்கம், காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. அவன் கேட்டைத் தாண்டவே வேண்டாம். ஆனாலும் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் அவனும் அதையேதான் சொல்வான். அந்த மனுஷனைத்தான் நான் பல வருஷம் காதலித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம்.

காக்ஸ் டவுனுக்கே தெரிந்த விஷயம்தான். சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால் டோரதி ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா மௌரீன், எப்போ?" என்பாள். எது எப்போது என்று அவளும் சொல்ல மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். லாயிட்டுக்கும் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

முதல் கேசட்டை 1994இல் போட்டோம். ரேடியோ விளம்பரங்கள் பதிவு செய்கிற ஒற்றை அறை ஸ்டூடியோ அது. பாட்டுகள் ரெமிஜியஸ் அண்ணாவுடையவை. அவர் கோலார் தங்கவயல்காரர், அவர் அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். அங்கே தமிழ்த் தொழிலாளிகள் பாடிக்கொண்டிருந்த பாட்டுகளை எடுத்து, கிட்டாரும் பேஸும் சேர்த்து, தொம்மலூர் முனிராஜின் தப்பட்டையையும் சேர்த்தார். பேப்பர்காரர்கள் அதை ஃபோக் ராக் என்றார்கள். என் மாமா சாவுக் கச்சேரி என்றார். இரண்டு பேருக்கும் நாங்கள் கேசட் கொடுத்தோம்.

அந்த அறையில் எல்லோரும் ஒன்றாக நின்று ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். ஒருவன் சொதப்பினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பேஸ் வாசிக்கும் பிரகாஷ் கடைசி வரியில் வந்து கோட்டை விடுவான். முனிராஜ் கையிலிருக்கும் குச்சியை அவன்மேல் எறிவான். எனக்கும் லாயிட்டுக்கும் ஒரே மைக். அவன் உயரத்துக்கு அதை வைத்திருந்தார்கள், நான் கால்விரலில் நின்று பாடினேன். அவன் மூச்சில் பெப்பர்மின்ட் வாசனை வரும். எத்தனை தடவை முதலிலிருந்து பாடச் சொன்னாலும் எனக்குச் சலிக்கவே இல்லை.

எங்களுடைய நல்ல பாட்டுகளெல்லாம் எசப்பாட்டுதான். ஒருத்தர் பாட்டிலேயே கேட்பார், இன்னொருத்தர் பாட்டிலேயே பதில் சொல்வார். லாயிட்டுக்குத் தெருக்கூத்துக்காரர்களைப் போல உச்சத்தில் நிற்கிற தொண்டை. என் ஸ்ருதியிலேயே நின்று, என் குரலுக்கு மேலேயும் ஏறிவிடுவான். ஆணும் பெண்ணும் ஒரே ஸ்ருதியில் சண்டை போட்டுக்கொள்வது மாதிரி இருக்கும். கேசட்டை வாங்கியவர்கள் அதற்காகத்தான் வாங்கினார்கள்.

அந்த வருஷக் கடைசியில் அவனுக்கு மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்தது. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது எல்லோர் முன்னாலும் சொன்னான்: "ரெண்டாவது ஆல்பம் பண்ணும்போது வந்துருவேன். மௌரீன்கூட நான்தான் பாடணும், வேற எவனையும் சேக்காதீங்க." இதைக் கேட்டுவிட்டு ஒரு பெண் நாலு வருஷம் காத்திருந்தால் அதில் அவள் முட்டாள்தனம் பாதிதான், மீதி அவனுடையது.

நான் ஸ்கூலில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். சாயங்காலம் வந்து ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவி வைத்தேன். அம்மா போன பிறகு வீட்டில் என் குரலைத் தவிர வேறு சத்தமில்லை. நானே பேசி நானே சண்டை போட்டுக்கொள்வேன். பாலைப் பொங்க விட்டதற்காக என்னை நானே திட்டியதை மேல்வீட்டு ஜெயலட்சுமி கேட்டுவிட்டு, விருந்தாளி வந்திருக்கிறார்களா என்று இறங்கி வந்து பார்த்தாள்.

1998இல் ரெமி அண்ணா இரண்டாவது ஆல்பத்தை ஆரம்பித்தார். இந்தத் தடவை தொம்மலூரில் ஒரு புது ஸ்டூடியோ. ஏசி, கண்ணாடி, கம்பளம் எல்லாம் இருந்தன. அங்கே வேலை செய்கிற விதமே வேறு. யாரும் யாரோடும் சேர்ந்து வாசிக்க வேண்டாம். ஒவ்வொருவரும் தனக்குச் சௌகரியமான நாளில் வந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, முன்னாடி பதிவானதைக் கேட்டபடி தன் பங்கை மட்டும் வாசித்துவிட்டுப் போகலாம். பிறகு எல்லாவற்றையும் ஒன்று சேர்த்துக்கொள்வார்கள். இன்ஜினியர் விக்கி இதை ஏதோ பெரிய விடுதலை மாதிரி விளக்கினான்.

"யாருக்காகவும் யாரும் வெயிட் பண்ண வேணாம் மேடம். ஒருத்தர் மிஸ்டேக் பண்ணா அவரு மட்டும் திரும்ப வாசிச்சா போதும்."

"அப்போ யார திட்றது?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

முதலில் யாராவது பாட்டை முழுசாகப் பாடி வைக்க வேண்டும், அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் வாசிப்பார்கள். கைடு என்று அதற்குப் பெயர். பிறகு அதை அழித்துவிட்டு உண்மையான குரலைப் போடுவார்கள். லாயிட் லீவில் வரும்போது நாங்கள் இருவரும் சேர்ந்து நிஜமாகப் பாடுவது, அதுவரை என் குரல் கைடு என்று முடிவானது. ரெமி அண்ணா கிட்டாரில் ஸ்ருதி பிடித்தார். பழைய கேசட்டில் எங்கே வைத்திருந்தாரோ அதே இடம்தான். "ஃபோன்ல கேட்டேம்மா, அதே ஸ்ருதியே போடுங்கண்ணான்னு சொன்னான்" என்றார். எனக்கும் அதில் கேட்க ஒன்றுமில்லை. எங்களுக்கெல்லாம் லாயிட் என்றால் அந்தக் கேசட்டில் இருக்கிற லாயிட்தான்.

நான் கண்ணாடி அறைக்குள் போய் நின்றேன். காதில் டிக் டிக் என்று ஒரு தாளக் கணக்குச் சத்தம், ரெமி அண்ணாவின் கிட்டார். என் வரியைப் பாடினேன். அடுத்தது அவன் வரி. யாராவது பாடித்தானே ஆக வேண்டும், அதையும் நானே பாடினேன். ஷாஃப்ட் என்பது சுரங்கத்துக்குள் இறங்குகிற செங்குத்துக் குழி; மேலே நிற்கிறவள் கேட்பாள், கீழே இறங்குகிறவன் பதில் சொல்வான்.

ஷாஃப்டுக்குள்ள எறங்குறவரே — மேல
சேதி சொல்ல யாரிருக்கா?

கயிறு ஆடினாப் பாத்துக்க புள்ள — அது
கீழ இருந்து நான் ஆட்டுறது.

எல்லாப் பாட்டிலும் இப்படி நானே கேட்டேன், நானே பதிலும் சொன்னேன். தற்காலிகம்தானே என்று அவன் வரிகளை அசட்டையாகப் பாடினேன். வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்தபோது புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஏசிக் குளிர் என்று நினைத்தேன்.

மற்றவர்கள் வாசிக்கும் நாட்களில் நான் போக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு சனிக்கிழமை ஸ்கூல் விட்டு வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் போனேன். முனிராஜின் நாள் அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தப்பட்டையை மார்போடு சேர்த்து நின்றிருந்தான். கண் மூடியிருந்தது. உச்ச வரி வந்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, "சூப்பர்க்கா!" என்று கத்தினான். அவன் காதில் இருந்த எனக்குத்தான் அது. இந்தப் பக்கம் சோபாவில் உட்கார்ந்திருந்த என்னை அவன் பார்க்கவே இல்லை. கையாட்டினேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தான்.

"அக்கா, எப்ப வந்தீங்க? டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேன் முனிராஜ், வாசி நீ."

குடிக்கவில்லை. அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு என்னோடு வாசிக்க ஆரம்பித்தான். எல்லோரும் என்னோடு வாசித்தார்கள். நான் மட்டும்தான் யாரோடும் பாடவில்லை. அதற்குப் பிறகு மற்றவர்களுடைய நாட்களில் நான் போகவில்லை.

டிசம்பரில் லாயிட் வந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்த்தேன். கொஞ்சம் தொப்பை, கொஞ்சம் வழுக்கை. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை என்று சொன்னால் பொய், பட்டது, பரவாயில்லை என்று இருந்தது. டோரதி ஆன்ட்டி அவனை விட்டபிறகு என்னிடம் வந்து ஒரு டேங் ஜூஸ் பவுடர் பாட்டிலும் பேரீச்சம்பழமும் கொடுத்தான்.

"மௌரீன், நீ அப்டியே இருக்க."

"அப்டியே இருக்க நான் என்ன ஃபோட்டோவா?"

"வாய் கூட அப்டியேதான் இருக்கு" என்று சிரித்தான். அன்று முழுக்க அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் சுற்றினேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன், என்னை என்ன சொல்ல.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார்கள். வாசிக்க ஒன்றுமில்லை, அவர்கள் பங்கெல்லாம் முடிந்திருந்தது. லாயிட் பாடுவதைப் பார்க்க வந்தார்கள். விக்கி கண்ணாடிக்குள் இரண்டு மைக் வைத்திருந்தான். ஒன்றே போதும் என்று நான் சொன்னேன். சவுண்டு சரியா வராது மேடம் என்றான். பரவாயில்லை, ஒன்று போதும் என்றேன். என் குரலில் என்ன கேட்டானோ, ஒன்றை எடுத்துவிட்டான்.

லாயிட் ஹெட்ஃபோனை மாட்டினான். "அட, என் பாட்டையும் நீயே பாடி வச்சிருக்க!" என்று சிரித்தான். நான் கால்விரலில் நின்று என் வரியைப் பாடினேன். அவன் ஆரம்பித்தான். "கயிறு ஆடினா" வரை வந்தது. "பாத்துக்க புள்ள" என்று மேலே போகிற இடத்தில் குரல் உடைந்தது. இருமினான். தண்ணீர் குடித்தான். மறுபடி பாடினான், மறுபடி அதே இடம். மூன்றாவது தடவை கழுத்து நரம்பு புடைக்க எட்டிப் பிடித்தான். வந்தது அவன் குரல் இல்லை, யாரோ பயந்து கத்துவது மாதிரி ஒன்று. கண்ணாடிக்கு அப்பால் முனிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். லாயிட் கீழ் ஸ்தாயியில் பாடிப் பார்த்தான், அங்கே வெறும் உறுமல்தான் கேட்டது.

வெளியே வந்தோம். ரெமி அண்ணாவின் முகம் வெளுத்திருந்தது.

"டேய், ஸ்ருதி அதேதானான்னு நான் கேட்டேனேடா."

"நானும் அதேதான்னு நெனச்சேண்ணா. எனக்கே இப்பத்தான் தெரியுது." லாயிட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "நாலு வருஷமா பாடவே இல்ல. ரூம்ல ஆறு பேரு, எப்பவும் ஒருத்தன் ஷிஃப்ட் முடிச்சிட்டு தூங்கினு இருப்பான். பாத்ரூம்ல கூட வாய தொறக்க முடியாது."

பத்துப் பாட்டு, கிட்டார், பேஸ், தப்பட்டை எல்லாம் அவனால் தொடமுடியாத ஒரு ஸ்ருதியில் நின்றுகொண்டிருந்தன. எங்களில் யாருக்குமே அவனை ஒரு தடவை ஃபோனில் பாடச் சொல்லிக் கேட்கலாம் என்று தோன்றவில்லை.

நான்தான் சொன்னேன். "ஸ்ருதிய எறக்கிடலாம். எல்லாம் மறுபடி வாசிக்கலாம். இவன் போறதுக்குள்ள எல்லாரும் ஒண்ணா நின்னு வாசிச்சா முடிஞ்சிரும். போன தடவ அப்டித்தானே பண்ணோம்?"

எல்லோரும் முடியாது என்று குதிப்பார்கள் என்று நினைத்தேன். முனிராஜ், "நான் ரெடி குரு, நாளைக்கே வர்றேன்" என்றான். பிரகாஷ் பேங்க்கில் லீவு சொல்கிறேன் என்றான். ரெமி அண்ணா கிட்டாரை எடுத்து ஸ்ருதியை இறக்கினார். விக்கியைத் தவிர எல்லோருக்கும் முகம் தெளிந்துவிட்டது. மைக் இல்லாமல் சோபாவிலும் தரையிலும் உட்கார்ந்தே பாடிப் பார்த்தோம்.

லாயிட்டுக்கு அந்த இடத்தில் குரல் அழகாக வந்தது. முன்பிருந்த குரல் இல்லை, கனமாக, கொஞ்சம் களைத்த குரல். எனக்கு இன்னும் பிடித்தது. என் குரல்தான் அங்கே ஒன்றுமில்லாமல் போனது. அவ்வளவு கீழே போனால் நான் பாடுவது பேசுவது மாதிரி இருக்கும், தப்பட்டை ஒரு தட்டுத் தட்டினால் காணாமல் போய்விடும். எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. பிரகாஷ் கடைசி வரியில் கோட்டை விட்டான். முனிராஜ் அவன் முதுகில் ஒன்று வைத்தான். எல்லோரும் சிரித்தோம். நாலு வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்த கொஞ்ச நேரம் அதுதான், மறைப்பானேன்.

"வேணாம்ணா" என்றான் லாயிட்.

"என்னடா வேணாம்?"

"மௌரீன் குரல் போயிடுச்சு இதுல."

"போகட்டும்" என்றேன். "என் குரல பத்தி நீ கவலப்படாத."

"வேணாம். அவ பாடி வச்சது நல்லாத்தானே இருக்கு. அதையே வச்சிருங்க. ரெண்டு பேர் வேலையும் அவளே பண்ணிட்டா, இதுல எனக்கு எடம் எங்க இருக்கு?" பாராட்டுகிற மாதிரித்தான் சொன்னான். சொல்லிவிட்டு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

மாடிப்படியில் அவனைப் பிடித்தேன். "பொய் சொல்லாத லாயிட். என் குரலுக்காகவா வேணாங்கற?"

அவன் இரண்டு படி கீழே நின்றான். அதனால் அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒரே உயரம்.

"மொதல் வருஷம் பாட்டு இல்லாம பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றான். "அப்றம் கொஞ்சம் கொஞ்சமா பழகிருச்சு. ஒருநாள் யோசிச்சுப் பாத்தா, இல்லன்னே தோணல. அது எனக்கே பயமா இருந்துச்சு மௌரீன். இப்ப பயமும் இல்ல."

"நானு?"

அத்தனை வருஷத்தில் நான் நேராகக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவன் கைப்பிடிச் சுவரைத் தடவினான். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை.

"நீ நல்லா இருப்ப" என்றான்.

"நான் நல்லா இருப்பனான்னா உன்ன கேட்டேன்? இவ்ளோ கேசட் வித்து, இவ்ளோ ஊர்ல பாடிட்டு, நல்லா இருப்பன்னு சொல்ல ஒரு ஆளு மஸ்கட்ல இருந்து வரணுமா?" கத்திவிட்டேன். ஸ்கூட்டர்க்காரன் நிமிர்ந்து பார்த்தான். லாயிட் என்னைத் திருப்பித் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. சாரி என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த படிகளை மெதுவாக இறங்கிப் போனான். லீவு முடியும் முன்பே கிளம்பிவிட்டான் என்று டோரதி ஆன்ட்டி சொல்லித்தான் தெரியும்.

ஜனவரியில் ரெமி அண்ணா வீட்டுக்கு வந்தார். கைடை அப்படியே விடமுடியாது, கரடுமுரடாக இருக்கிறது, ஒழுங்காகப் பாட வேண்டும் என்றார். லாயிட்டின் வரிகளுக்குக் சர்ச் குவாயரில் ஒரு பையன் இருக்கிறான், நல்ல உச்சத் தொண்டை, கேட்டுப் பார்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இல்லையென்றால் அந்த இடங்களில் வெறும் கிட்டாரை விட்டுவிடலாம் என்றார்.

"வேணாண்ணா, நானே பாடறேன்."

"ரெண்டையுமா? கேக்கறவங்க என்னம்மா நெனப்பாங்க?"

"பொம்பள தனியா பேசிக்கறான்னு நெனப்பாங்க. நெனச்சுட்டுப் போகட்டும். பேசிக்கறேன்தானே?"

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதாவது ஆறுதல் சொல்லியிருந்தால் அவரிடமும் கத்தியிருப்பேன். நல்லவேளை, சர்க்கரை கொஞ்சம் கம்மி என்று மட்டும் சொன்னார்.

ஸ்டூடியோவில் விக்கியைத் தவிர யாரும் இல்லை. மைக்கை என் உயரத்துக்கு இறக்கி வைத்தான். என் வரிகளை எல்லாம் முதலில் வரிசையாகப் பாடிமுடித்தேன். கேள்விகள் மட்டும். நடுவில் அவன் வரிகளுக்கான இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். தப்பட்டையும் கிட்டாரும் அந்த இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. அதற்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டேன். கண்ணாடிக்கு அப்பால் விக்கி ஏதோ பட்டனைத் திருகுவது மாதிரி நடித்தான்.

பிறகு அவன், "மேடம், இப்ப சார் லைன்ஸ் போய்டலாமா?" என்றான். போகலாம் என்றேன்.

பாட்டை ஓடவிட்டான். ஹெட்ஃபோனில் ஒரு பெண்ணின் குரல் வந்தது. நான் இதுவரை அவளைச் சரியாகக் கேட்டதே இல்லை. பாடும்போது நம் குரல் நமக்கு எங்கே கேட்கிறது? அவள் கெஞ்சவில்லை. கோபமும் படவில்லை. மேலே வெளிச்சத்தில் நின்றுகொண்டு, கீழே இருட்டைப் பார்த்து, யாரிருக்கா என்று சாதாரணமாகக் கேட்டாள். பதில் வரும் என்று அவள் நம்புவது குரலிலேயே தெரிந்தது. பைத்தியக்காரி. என் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இப்படிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வேனா? இவளுக்கு இவ்வளவு நாளாக யாருமே ஒழுங்காக ஒரு பதில் சொல்லவில்லை. நான்கூட அசட்டையாகத்தான் பாடி வைத்திருந்தேன்.

"மேடம், எடம் மிஸ் ஆயிடுச்சு" என்றான் விக்கி. "திரும்ப போடட்டா?"

"போடுப்பா."

அவள் மறுபடி கேட்டாள். இந்தத் தடவை நான் அவளைக் காக்கவைக்கவில்லை.